இன்ஷூரன்ஸ் அட்டையும் மருந்துக் கடையும்

மதுரைக் கலெக்டர் ஆபீஸில் வைத்திய இன்ஷூரன்ஸ் அட்டைக்காகக் காத்து நிற்கும் ஜனங்களை நம் வாசகர்களில் பலர் கண்டிருப்பர். உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் காலை பஸ்ஸிலேயே புறப்பட்டு, ரேஷன் அட்டையையும் வருமானச் சான்றையும் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு வந்து நிற்கிறார்கள். வீட்டில் யாருக்காவது இருதயத்தில் கோளாறு, அல்லது சிறுநீரகத்தில் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருப்பார். அட்டை கிடைத்துவிட்டால் நிலத்தை விற்க வேண்டியதில்லை, நகையை அடகு வைக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையே அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பரிகசிப்பது நம் நோக்கமன்று. அந்த அட்டையினால் உயிர் பிழைத்தவர்கள் இந்த ஜில்லாவில் ஏராளமாக இருக்கிறார்கள்.

ஆனால் அதே ஜனங்கள் ஊர் திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலுள்ள மருந்துக் கடையில் நின்று, சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்குவதையும் காண்கிறோம். அங்கே அந்த அட்டை செல்லாது. முழு மாதத்துக்கு வாங்கப் பணம் போதாமல், பத்து நாளைக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் செல்கிறவர்கள் உண்டு. வைத்தியச் செலவைப் பற்றி இன்று தேசத்தில் நடக்கும் விவாதம் முழுவதும் இவ்விரண்டு காட்சிகளுக்கு இடையில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். பெரிய வியாதி வந்தால் 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கச் சர்க்கார் தயாராக இருக்கிறது. அந்தப் பெரிய வியாதி வராமல் தடுக்கும் சிறு மாத்திரைக்குக் கூலிக்காரர் தம் மடியிலிருந்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

அட்டையின் வரலாறு சுருக்கமானது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு ஜூலையில் ‘கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ என்ற பெயரில் இது ஆரம்பமாயிற்று. ஆட்சி மாறிய பின் 2012 ஜனவரியில் ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ என்று பெயரும் அமைப்பும் மாறி, சர்க்கார் ஸ்தாபனமான யுனைட்டெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பில் வந்தது. 2018-ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கே என்றிருந்த வரம்பு, 2022 ஜனவரியில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, ஐந்தாண்டுகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள் இதில் அடங்கும். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்பது அப்போது செய்துகொண்ட ஏற்பாடு. மொத்தத்தில் ஆண்டுதோறும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டும் இத்திட்டத்தைக் கைவிடவில்லை என்பதே, ஜனங்களுக்கு இது எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மத்திய சர்க்கார் தன் பங்கைத் தருவது, 2011-ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழைகள் எனக் கண்ட குடும்பங்களை அடிப்படையாகக் கொண்டே. தமிழ்நாடு அதற்கு வெளியேயுள்ள குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டிருப்பதால், அவற்றின் பாரம் முழுவதும் ராஜ்ய சர்க்கார் தலையில் விழுகிறது. ஆஸ்பத்திரிகளை நன்றாக நடத்திவரும் ராஜ்யத்துக்கு அதற்காகவே சலுகை குறைவதுபோன்ற நிலை இது. டில்லியில் உள்ளவர்கள் இதை யோசிப்பது நலம்.

இனி, இன்ஷூரன்ஸ் என்பது உண்மையில் என்ன செய்கிறது? ஆஸ்பத்திரி எழுதும் பில்லை வேறொருவர் கட்ட ஏற்பாடு செய்கிறது. பில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப்பற்றி அது பேசுவது குறைவு. ஏழைகளுக்கான மேற்படி திட்டத்திலாவது சர்க்கார் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று விகிதம் நிர்ணயித்திருக்கிறது. அந்த விகிதம் போதவில்லை என்று தனியார் ஆஸ்பத்திரிகள் முறையிடுவதும், ‘இந்தச் சாமானுக்கு மட்டும் வெளியே கட்டிவிடுங்கள்’ என்று நோயாளியிடம் கேட்கப்படுவதாக ஜனங்கள் முறையிடுவதும் நாம் அடிக்கடி கேட்பவையே. தங்கள் கைப்பணத்தில் பாலிஸி எடுத்திருக்கும் மத்தியதர வகுப்பாரின் நிலையோ வேறு. அவர்களுக்கு விகித நிர்ணயம் செய்ய எவருமில்லை.

பென்ஷன் வாங்கும் ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். வருஷாவருஷம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் அவரைக் கேட்கும் முதற்கேள்வி என்ன வியாதி என்பதன்று. ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறதா’ என்பதே. அவருடைய பாலிஸியில் அறை வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறது. படுக்கை காலியில்லை என்பதால் 8,000 ரூபாய் அறையில் சேர்கிறார். அதிகமான 3,000 ரூபாயை மட்டும் தாம் கட்டினால் போதும் என்று எண்ணியிருப்பார். வீட்டுக்குப் போகும் நாளில்தான் விஷயம் தெரியும். அறை வாடகை எந்த விகிதத்தில் மிஞ்சிற்றோ அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அறைக் கட்டணம் முதலியவற்றிலும் கழித்துவிடுவார்கள். அவை 1 லட்ச ரூபாயாயிருந்தால் கம்பெனி தருவது எட்டில் ஐந்து பங்கு, அதாவது 62,500 ரூபாய். மீதியை அவர் தேட வேண்டும். இதெல்லாம் பாலிஸியில் அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். அச்சிட்டிருப்பது வாஸ்தவம், வலியோடு வந்து நிற்பவர் அதைப் படித்துவிட்டு அறை தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையத்தின் சொந்த அறிக்கையே போதிய சாக்ஷி. 2023-24-ஆம் ஆண்டில் வைத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஜனங்கள் கோரிய தொகை சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் கோடி ரூபாய். கம்பெனிகள் கொடுத்தது 83 ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சிறிது அதிகம். நூறு ரூபாய் கேட்டவருக்கு எழுபத்தொரு ரூபாய் கிடைத்தது என்று கொள்ளலாம். மீதியெல்லாம் அநியாயமாக மறுக்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த ஆண்டு முடிவில் தீர்மானமாகாமல் நின்றவையும் உண்டு. ஆயினும் நூற்றுக்கு இருபத்தொன்பது என்பது பிசகுகளால் மட்டும் ஏற்படக்கூடிய இடைவெளியன்று.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. முன்பே இருந்த வியாதிக்குக் காத்திருக்க வேண்டிய காலம் 2024-ல் நான்கு வருஷத்திலிருந்து மூன்று வருஷமாகக் குறைக்கப்பட்டது. அறுபது வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஒரே வருஷத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. தனிநபரும் குடும்பங்களும் எடுக்கும் வைத்தியப் பாலிஸிகளின் மீதிருந்த நூற்றுக்குப் பதினெட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் அடியோடு நீக்கப்பட்டது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. வரியைக் குறைத்தால் பிரீமியம் ஒரு முறை இறங்கும். ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டேயிருந்தால், இறங்கிய பிரீமியம் சில வருஷங்களில் பழைய இடத்துக்கே வந்து சேராதென்று யார் உறுதி கூற முடியும்?

இந்த வழியில் வெகுதூரம் சென்றுவிட்ட ஒரு தேசம் நம் கண்முன் இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு முதலாளி மூலம் எடுக்கும் வைத்திய இன்ஷூரன்ஸின் சராசரிப் பிரீமியம் 2025-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 ஆயிரம் டாலர். அந்த தேசத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் வைத்தியத்துக்கே போகிறது. 2010-ல் அவர்கள் இயற்றிய சீர்திருத்தச் சட்டத்தால் இன்ஷூரன்ஸ் இல்லாதிருந்த கோடிக்கணக்கானோர் அதைப் பெற்றார்கள் என்பது மறுக்க முடியாதது. ஆனால் பிரீமியம் கட்ட ஜனங்களுக்கு மானியம் கொடுத்ததேயன்றி, விலையை இறக்க அச்சட்டத்தால் பெரிதும் இயலவில்லை. அந்த மானியத்தை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்ற சச்சரவில் 2025 அக்டோபர் முதல் தேதி தொடங்கி 43 நாள் அந்த தேசத்தின் சர்க்கார் காரியாலயங்களே முடங்கிக் கிடந்தன. அதன் செல்வமும் விஞ்ஞானமும் நமக்கு இல்லை. அதன் வைத்திய பில்லை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொள்வானேன்?

விலையை இறக்க முடியுமா என்று கேட்பவர்கள் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போக வேண்டியதில்லை. மதுரை அண்ணா நகருக்குப் போய்ப் பார்க்கலாம். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, வாலிபத்திலேயே மூட்டு வாத நோயால் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, சர்க்கார் உத்தியோகத்தில் கண் வைத்தியராக விளங்கி, 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் அவர் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, இன்று பல ஊர்களில் கிளைத்து, ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்குக் கண் சிகிச்சை செய்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பணமே கொடாதவர்கள், அல்லது மிகச் சொற்பமாகக் கொடுப்பவர்கள். பணம் கொடுப்பவரிடம் வாங்கும் நியாயமான கட்டணத்திலேயே மற்றவர்களின் செலவும் அடங்குகிறது. இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே ஏழை என்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. பணம் கட்டும் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். வருமானச் சான்றுக்காகத் தாலூகா ஆபீஸுக்கு நாலு தரம் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸின் கதை இன்னும் முக்கியமானது. ஒரு காலத்தில் அது வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். விலை சுமார் நூறு டாலர். ஏழைகளுக்கு லென்ஸ் வைக்காமல் புரை நீக்கித் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலம் அது. 1992-ல் அரவிந்த் ஸ்தாபனத்தார் ‘ஆரோலேப்’ என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி, அந்த லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கிற்று. சிவகங்கை ரஸ்தாவில் வீரபாஞ்சானில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களுக்கு லென்ஸ் போகிறது. இங்கே மானியம் கொடுத்தவர் யார்? இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்கே? செய்யும் முறையை மாற்றினார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து டாக்டரின் வேலையில் பெரும் பகுதியை அவர்கள் கையில் ஒப்புவித்தார்கள். டாக்டரின் நேரம் வீணாகாமல் ஆபரேஷன் மேஜையில் செலவாயிற்று. விலை தானே இறங்கிற்று.

கண் புரை சிறு ஆபரேஷன், எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யத்தக்கது, இருதயமும் புற்றுநோயும் அப்படியல்லவே என்று டாக்டர்கள் ஆக்ஷேபிப்பார்கள். அதில் நியாயமுண்டு. மதுரைக் கண் ஆஸ்பத்திரியின் முறையை அப்படியே எல்லா வியாதிக்கும் பொருத்திவிட முடியாது. ஆயினும் அந்தச் சிறு ஆபரேஷனிலேயே நிலைமை எப்படியிருக்கிறது பாருங்கள். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்த வழக்கில், சர்க்கார் ஏற்பாட்டில் கண்ணுக்குச் சுமார் 10,000 ரூபாயில் முடியும் புரை ஆபரேஷனுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 30,000 முதல் 1,40,000 ரூபாய் வரை ஆகிறது என்று எடுத்துக்காட்டப்பட்டது. 2012-ஆம் ஆண்டு விதிகளிலேயே கட்டண நிர்ணயத்துக்கு இடமிருந்தும் ஏன் செய்யவில்லை என்று கோர்ட்டார் மத்திய சர்க்காரைக் கேட்டார்கள். கட்டணத்தை ராஜ்யங்களுடன் கலந்து தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அவை பதில் எழுதவில்லை என்பது மத்திய சர்க்காரின் சமாதானம். பன்னிரண்டு வருஷம் கடிதப் போக்குவரத்திலேயே கழிந்தது!

இருதயத்துக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் உச்ச விலை விதித்தது. மருந்து பூசிய வகைக்கு லட்ச ரூபாய்க்கு மேலும் வாங்கியது போய் 29,600 ரூபாய் என்றாயிற்று. சாதாரண வகைக்கு 7,260 ரூபாய். ஸ்டென்டில் குறைந்தது வேறு இனங்களில் ஏறிவிட்டது என்ற முறையீடும் உடனே எழுந்தது. ஒரு சாமானுக்கு மட்டும் விலை கட்டினால் போதாது, சிகிச்சை முழுவதற்கும் கட்ட வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. தமிழ்நாடு சர்க்காரும் ஒரு முறை அப்படிச் செய்தது. 2020 ஜூனில், கொரோனா நோயாளிகளிடம் தனியார் ஆஸ்பத்திரிகள் நாளொன்றுக்குப் பொது வார்டில் 5,000 முதல் 7,500 ரூபாய் வரையிலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் 15,000 ரூபாய் வரையிலுமே வாங்கலாம் என்று உத்தரவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அபாய காலத்தில் செய்ய முடிந்ததைச் சாதாரண காலத்தில் செய்ய முடியாதென்பது எந்த நியாயம்?

வைத்தியத்துக்காகத் தேசம் விட்டுத் தேசம் செல்வோரைப் பற்றியும் இங்கே பேச வேண்டியிருக்கிறது. மாலத்தீவில் 2012-ல் ‘ஆசந்தா’ என்ற பெயரில் சகல பிரஜைகளுக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். உள்நாட்டில் கிடைக்காத சிகிச்சைக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அத்திட்டமே பணம் கட்டும். தென்னிந்திய நகரங்களில் மாலத்தீவுக் குடும்பங்களைச் சாதாரணமாகக் காணலாம். 2024 ஜனவரியில் இரு தேசங்களுக்கும் மனக்கசப்பு நேர்ந்தபோது, இனி வேறு தேசத்து ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துக்கொள்வோம் என்று அவர்களுடைய ஜனாதிபதி அறிவித்தார். அது அவர்கள் இஷ்டம். நாம் அதில் காணும் பாடம் வேறு. இன்ஷூரன்ஸ் இருந்தது, சொந்த ஊரில் ஆஸ்பத்திரி போதவில்லை, ஆகவே நோயாளியின் சிகிச்சை அயல்நாட்டு உறவின் ஏற்றத்தாழ்வோடு பிணைந்துபோயிற்று. உசிலம்பட்டியாரிடம் அட்டை இருந்து, உசிலம்பட்டியில் ஸ்பெஷலிஸ்ட் இல்லாவிட்டால், அவருக்கு மதுரையே அயல்நாடு.

நம் ஊர்க்காரர்கள் வெளியே போன இடங்களிலும் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். சிங்கப்பூரில் கூலி வேலைக்குச் செல்லும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு முதலாளியே வைத்திய இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று 2023 ஜூலை முதல் அங்கே சட்டம். சிவகங்கைச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சென்ற வாலிபனுக்கு அங்கே பாதுகாப்பு இருக்கிறது. ஊரில் இருக்கும் அவன் தாயாரின் மாத்திரைக்கு அவன் அனுப்பும் மணியார்டரை நம்பியிருக்க வேண்டும்.

வேலை செய்பவனுக்கு முதலாளியே பொறுப்பு என்ற தத்துவம் நமக்குப் புதிதன்று. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், தொழிலாளர் ராஜ்ய இன்ஷூரன்ஸ் சட்டத்தை நம் பார்லிமெண்டு செய்துவிட்டது. இ.எஸ்.ஐ. என்று தொழிலாளர் வாயில் வழங்கும் இத்திட்டத்துக்கு மதுரையில் தத்தனேரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மில் தொழிலாளர் குடும்பங்கள் பல அதை அறியும். முதலாளி சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றேகாலும், தொழிலாளி முக்காலும் கட்டுகிறார்கள். இதில் படுக்கைச் சிகிச்சை மட்டுமல்ல. சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதும், மருந்தும், வேலைக்குப் போக முடியாத நாளைக்குப் படியும் அடக்கம். இந்த ஆஸ்பத்திரிகளில் மருந்து இருப்பதில்லை, காத்திருக்க வேண்டும் என்ற குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் மூலத் திட்டம் போட்டவர்கள், நோய் என்பது ஆபரேஷன் மேஜையில் தொடங்குவதில்லை என்பதை உணர்ந்திருந்தார்கள். அறுபத்தொரு வருஷம் கழித்து வந்த அட்டைத் திட்டம் சில பரிசோதனைகளையும் தொடர் சிகிச்சைகளையும் சேர்த்துக்கொண்டாலும், பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகே நோயாளியைக் கண்டுகொள்கிறது. மேலூரில் கல் உடைப்பவரும், வாடிப்பட்டி வயலில் நாற்று நடுபவரும், செல்லூரில் தறியில் உட்கார்ந்திருப்பவரும் இ.எஸ்.ஐ.க்குள் வருவதில்லை.

இன்னும் பின்னோக்கினால், 1943-ல் நியமிக்கப்பட்டு 1946-ல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டியில் நம் டாக்டர் லக்ஷ்மணஸ்வாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமற் போகலாகாது என்பது அக்கமிட்டியின் அடிப்படைக் கொள்கை. இங்கிலாந்து அதே கொள்கையை 1948 ஜூலை 5-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாம் அலமாரியில் வைத்தோம். 2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் தேச உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டுமென்றது. 2021-22-ல், அதுவும் கொரோனாச் செலவு சேர்ந்தும், ஆனது 1.84. ஜனங்கள் கைப்பணத்திலிருந்து செய்யும் வைத்தியச் செலவு, 2013-14-ல் மொத்தத்தில் நூற்றுக்கு 64-ஆக இருந்தது, 2021-22-ல் 39-ஆகக் குறைந்திருப்பதாகச் சர்க்கார் கணக்குச் சொல்கிறது. குறைந்தது சந்தோஷமே. முப்பத்தொன்பது இன்னும் பெரிய எண்தான்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் வெறுங்கையோடு இல்லை. 1994-ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக மலிவில் வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்புகிறது. வேறு ராஜ்யங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பட்டது. பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் நிற்பவருக்கு நேரான பரிகாரம் இதுவே. எல்லா ஊருக்கும், எல்லா மாதமும், தடையில்லாமல் அது போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி. அட்டைக்கு ஆயிரம் கோடி ஒதுக்குவதில் காட்டும் உற்சாகத்தை இதில் காட்டினால், ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் பக்கவாதமும் சிறுநீரக நோயும் எவ்வளவோ குறையும்.

ராஜாஜி ஆஸ்பத்திரி என்றவுடன் நம் நெஞ்சில் உறுத்தும் ஒரு விஷயம். பழைய எர்ஸ்கின் ஆஸ்பத்திரியான அதுதான் மதுரைக்கும் சுற்றுவட்டாரத்து ஜில்லாக்களுக்கும் இன்றளவும் கடைசிப் புகலிடம். திண்டுக்கல், விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய இடங்களில் 2022 ஜனவரியில் புதிய சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் வந்தும், கூட்டம் குறைந்ததாகக் காணோம். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளத் தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி என்றார்கள். 2019 ஜனவரி 27-ல் பிரதம மந்திரி அஸ்திவாரக் கல் நாட்டினார். ஜப்பானியக் கடன் பேசி முடிய இரண்டு வருஷம். கட்டட வேலை தொடங்கியது 2024-ல். இடையில் 2022-ல் சேர்ந்த மாணவர்கள் ராமநாதபுரத்தில் இடம் கேட்டுப் படிக்கலானார்கள். 2021 தேர்தல் மேடையில் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டிப் பரிகாசம் செய்தார்கள், ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து வருஷத்தில் வைத்தியத்துக்காகக் கடன் பட்டார்களோ!

அட்டையை எடுத்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். நாம் சொல்வது, அட்டையின் பணம் எங்கே போகிறதென்று பணம் கொடுக்கும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் இத்திட்டத்தில் சிகிச்சை செய்து பணம் பெறுகின்றன. அதில் ஒரு பகுதி ஆஸ்பத்திரியின் சாதனங்களுக்கும், ஒரு பகுதி அங்கே வேலை செய்வோருக்கும் போகிறது. இது நல்ல ஏற்பாடு. எனவே ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, தனியாருக்கு எவ்வளவு, எந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்ற கணக்கை வருஷத்துக்கொரு முறை ஜில்லா கெஜட்டில் வெளியிட வேண்டும். அதைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவைக் கட்டினால் வெளியே போகும் பணம் மிஞ்சும் என்பது தானே விளங்கும்.

2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்கென்று செய்த ஒப்பந்தத்தின் தவணை 2027 ஜனவரியில் முடிகிறது. அதன் அடுத்த ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை, கையெழுத்தாகுமுன் சட்டசபையில் வைக்க வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டண நிர்ணயத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டில் எழுந்த கேள்விக்குத் தமிழ்நாட்டின் அபிப்பிராயம் என்ன என்பதையும், தாலூகா ஆஸ்பத்திரிகளில் மாதாந்தர மாத்திரைக்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறார்கள் என்பதையும் அதே கூட்டத்தில் மந்திரியார் சொல்லட்டும். மதுரை ஜில்லா அங்கத்தினர்கள், எந்தக் கட்சியினராயினும், இந்த மூன்றையும் எழுந்து கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.